சோற்று மணியமும் கரைவலைக் கயிறும்

வரதனின் தகப்பன் அனுப்பம்பட்டுச் சந்தையில் நெல் அளந்தவர். அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று போவார்கள். அந்த முதல் சொல்லின் மேல் வரதனுக்குச் சின்ன வயதிலேயே ஒரு பக்தி வந்துவிட்டது. தகப்பனிடம் கற்க வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. ஆனால் அவன் கற்றுக்கொண்டது அந்தச் சொல்லையும், மரக்காலின் வாய்க்குள் கட்டைவிரலை எவ்வளவு ஆழம் விடலாம் என்பதையும்தான். வாங்கும்போது கோபுரமாகக் குவித்து வாங்க வேண்டும். கொடுக்கும்போது தலைதட்டிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிற தானியத்தில் ஒரு மனிதன் வாழ்ந்துவிடலாம் என்று அவன் நம்பினான். வாழவும் செய்தான்.

முப்பது வயதில் அவன் பழவேற்காட்டுக்கு வந்தான். ஏரிக்கரைக் கோட்டையின் மேல் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. கப்பலில் போகும் சாயத்துணிக்காக ஊர் முழுக்கத் துணியை வெளுத்தார்கள், தோய்த்தார்கள், உலர்த்தினார்கள். கங்காதரன் செட்டியாரின் சாயக்கிடங்கில் நாற்பது பேர் வேலை செய்தார்கள். வெளுப்பவர்கள், சாயவேர் இடிப்பவர்கள், மூட்டை கட்டுபவர்கள். கூலியில் பாதி காசு, பாதி சோறு. கிடங்குக்குப் பின்னால் ஒரு நீளமான ஓலைக்கொட்டகையில் பகலில் ஒரு வேளை அந்தச் சோறு விழும். வரிசைகள் சாதிக்குத் தகுந்தபடி தனித்தனி, உலை ஒன்று. அந்த உலைக்குப் பொறுப்பாளனாக, அளவு தெரிந்தவன் என்று, செட்டியார் வரதனை வைத்தார். ஊர் அவனைச் சோற்று மணியம் என்று அழைத்தது. அதில் இருந்த கேலி அவன் காதில் விழவில்லை. மணியம் என்ற சொல் மட்டும் விழுந்தது.

மழை இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் பொய்த்தது. ஒரு பணத்துக்கு எட்டுப் படி கிடைத்த அரிசி ஆடியில் ஆறாகி, ஐப்பசியில் மூன்றானது. காட்டூரிலிருந்து நெல் வண்டி வருவது நின்றது. குளங்களில் நல்ல தண்ணீர் இல்லாததால் துணி வெளுப்பதும் பாதி நின்றது. ஆனால் ஆட்களை விட்டுவிட முடியாது. விட்டால் வேறு வியாபாரி இழுத்துக்கொண்டு போவான். மழை வந்த பிறகு கூப்பிட்டால் வரமாட்டார்கள். ஆகவே வேலை இல்லாத வயிறுகளையும் நிரப்ப வேண்டியிருந்தது.

செட்டியார் ஒருநாள் வரதனை அரிசிக் குதிருக்கு முன்னால் நிறுத்தினார்.

"வரதா, உள்ளே இருக்கிறது இவ்வளவுதான். தையில வடக்கேருந்து அரிசிக் கப்பல் வரும். அதுவரைக்கும் ஒரு காசு நான் எடுக்கமாட்டேன். கப்பல் வர்ற அன்னிக்கு உலை கொதிச்சுக்கினு இருந்தா, கிடங்குக்குப் பக்கத்து ஓட்டு வீடு உன்னுது. கொதிக்கலைன்னா நீ உன் ஊரைப் பார்த்துப் போய்க்கினே இரு."

வரதன் அந்த ஓட்டு வீட்டைப் பல நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஓலைக்குடிசையில் ஒன்பது வருடம் அவனோடு இருந்த மனைவி தேவகியிடம் அன்றைக்கே சொன்னான்.

"கூரை எரவாணம் வரைக்கும் செங்கல். எண்ணிப் பார்த்துட்டேன்."

"சோத்தெ எண்ணிக்கினு இருந்தே. இப்போ செங்கல்லா?" என்றாள் தேவகி. "வூடு வந்தப்புறம் சொல்லு. கூட்டிப் பெருக்கறதுக்கு நான் வரேன்."

மறுநாள் முதல் வரதன் தன் அறிவை வேலை செய்யவிட்டான். அதுவரை செட்டியாரின் மாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த வடித்த கஞ்சியை, உப்புப் போட்டு, சோற்றுக்கு முன்னால் பரிமாறச் சொன்னான். வயிற்றில் முதலில் தண்ணீர் போனால் பிறகு அரிசிக்கு இடம் குறையும். பாத்திரம் அடிக்கும் கன்னானை வரவழைத்து அகப்பையின் குழியைத் தட்டி ஆழம் குறைத்தான். பரிமாறுகிறவன் வரிசையில் வேகமாக நடக்க வேண்டும் என்று விதித்தான், நின்றால் கேட்பார்கள். பிறகு விரதங்களைக் கண்டுபிடித்தான். சனிக்கிழமை பெருமாளுக்கு, செவ்வாய்க்கிழமை அம்மனுக்கு, அமாவாசை பித்ருக்களுக்கு. அந்த நாட்களில் மீன் கிடையாது. எந்தக் கோயில் வாசலிலும் நின்றறியாத அவனுக்குத் திடீரென்று பஞ்சாங்கம் முழுவதும் மனப்பாடம் ஆனது. சிக்கனத்துக்குக் கடவுளைத் துணைக்குக் கூப்பிடுகிறவன் கடவுளையும் ஒரு குறைந்த கூலி ஆளாகத்தான் நினைத்திருப்பான்.

சமையல்காரன் அந்தோணிசாமி மயிலாப்பூர்ப் பக்கம் பரங்கியர் வீடுகளில் சட்டி கழுவி, அங்கேயே சமைக்கவும் கற்றவன். பெருத்த உடம்பு, மெலிந்த பொறுமை. அவனிடம் வரதன் சொன்னான்:

"ஒங்க வேதத்துலயும் வெள்ளிக்கிழமை உண்டு இல்லே? அன்னிக்கும் மீனை நிறுத்திடலாம்."

"வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறிதான் கூடாது மணியம். மீனு தின்னலாம். தின்னணும்னே வெச்சிகீது."

"யாரு வெச்சது?"

"ஒன்னெ மாதிரி ஒருத்தன் இல்லே. தின்னத் தெரிஞ்சவன்."

அரிசியை இப்படி இழுத்துப் பிடித்தாலும் மீன் கையை மீறிப் போனது. அரிசி விலை ஏறினால் மீனவன் மீனை முன்விலைக்குத் தருவானா? அவனும் அரிசிதானே வாங்கித் தின்கிறான்? இந்த நியாயம் வரதனுக்குப் புரியவில்லை. கடலில் மழை பொய்த்தா மீன் குறைந்தது என்று கேட்டான். கேள்வி தனக்கே பிடித்துப்போய் நாலு பேரிடம் திரும்பச் சொன்னான்.

பேரம் பேசுவதற்காக ஒருநாள் காலையில் ஏரியைப் படகில் கடந்து, முகத்துவாரத்துக்குத் தெற்கே கடலோரம் இருந்த குப்பத்துக்குப் போனான். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். படகு வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். கடைசியில் மீன் நிறைந்த வலைப்பையான மடி கரையேறும். வரதன் நின்று பார்த்தான். வழியே போன ஒரு குயவன் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். அரை நாழிகைகூட இழுத்திருக்க மாட்டான். மடி ஏறியதும், விலைக்குப் பிரிப்பதற்கு முன்னாலேயே, இழுத்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கை மீனை ஒரு பெண் மணலில் வைத்துக்கொண்டே போனாள். குயவன் முன்னாலும் இரண்டு கை வைத்தாள். அவன் துண்டில் முடிந்துகொண்டு போய்விட்டான்.

குப்பத்துத் தலைவரான நாட்டார் துளசிங்கம் பக்கத்தில் நின்றார். நரைத்த மீசை, உப்பில் வெடித்த கை. வரதன் கேட்டான்:

"இன்னா நாட்டாரே, அந்த ஆளு ஒங்க ஒறவா?"

"எவன்னு யாருக்குத் தெரியும்? கயித்துல கை வெச்சான். கறிக்கு மீனு குடுத்தோம்."

"யாரு வெச்சாலுமா?"

"யாரு வெச்சாலும். மடி கரையேறத்துக்கு முன்னே தொட்டவனுக்கு இல்லேன்னு சொல்லக்கூடாது. எங்கப்பன் காலத்துலேருந்து அப்படித்தான்."

"நாப்பது பேர் தொட்டா?"

துளசிங்கம் சிரித்தார். "நாப்பது பேருக்கு நான் எங்கே போவேன்? சும்மா இழுக்க எவன் வரான்?"

வரதன் அன்று மீனுக்குப் பேரம் பேசாமலே திரும்பினான். படகில் வரும்போது அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. லாபம், இரண்டு, மூன்று.

இரண்டாம் நாள் விடியலில் செட்டியாரின் ஆட்கள் நாற்பது பேரும் மூன்று படகில் குப்பத்தில் இறங்கினார்கள். தண்ணீர் இல்லாமல் மிச்ச வேலையும் நின்றுபோய்ச் சும்மா இருந்தவர்கள்தான். போகமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வாயில்லை. வரதன் கரையில் நின்று கையைக் காட்டினான். இருபது இருபதாகப் பிரிந்து இரண்டு கயிற்றிலும் கை வைத்தார்கள். இழுக்கத் தெரியாது. பாதிப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தார்கள், அவ்வளவுதான்.

துளசிங்கம் வரதனிடம் வந்தார். கோபமாக இல்லை. அதுதான் வரதனை ஏமாற்றியது.

"மணியம், கயித்தெத் தொடறதுன்னா மீனு மட்டும் இல்லே. நல்ல நாளும் சேர்ந்தது, வெறும் நாளும் சேர்ந்தது. மூணு நாள் சேர்ந்தாப்பல வெறுமடி வந்துதுனா எங்க குப்பத்துல தனி அடுப்பு எரியக்கூடாது. கயிறு தொட்டவன் வூட்டுல இன்னா கீதோ எல்லாம் ஒரே ஒலையில போவும். மறுபடி மடியில மீனு வர்ற வரைக்கும். தெரிஞ்சிக்கினு தொடச் சொல்லு."

"ஆவட்டும், ஆவட்டும்," என்றான் வரதன். அவன் கண் கடலில் மிதந்த வலையின் மரக்கட்டைகளில் இருந்தது. மடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பிறர் வழக்கத்தில் தனக்கு வருகிற பாதியை மட்டும் கேட்கிற காது சிலருக்கு உண்டு. மற்றப் பாதி பேசப்படும்போது அவர்களுக்கு அது அலைச்சத்தமாக இருக்கும்.

மடி ஏறியது. பங்கு பிரித்துக் கொடுக்கும் பெண் இருசம்மாள். வலையில் பாதி அவளுடையது; புருஷன் கடலில் போன பிறகு பிரிக்கும் வேலையும் அவளுடையதாயிற்று. அவள் நாற்பது பேர் முன்னாலும் நாற்பது முறை குனிந்து, இரண்டிரண்டு கை மீனை வைத்தாள். ஒருவனுக்கும் குறைக்கவில்லை. கடைசியில் விலைக்குப் போக வேண்டிய கூடையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையால் தூக்க முடிந்தது.

"ஏ மணியம்," என்றாள். "நாப்பது ஆளெக் கூட்டியாந்தியே, நீ ஏன் கயித்தெத் தொடலே?"

"எனக்கு எதுக்கு? நான் மேல்பார்வை."

"ஆமாமா. கைக்குக் கறை பட்டுடும்."

வரதன் மீனை மூட்டையாகக் கட்டி அண்டாவுக்கு அனுப்பினான். அன்று கொட்டகையில் காசு செலவில்லாமல் மீன்குழம்பு கொதித்தது. செவ்வாய், சனி, அமாவாசை விரதங்கள் வந்த வேகத்திலேயே ரத்தாயின. பெருமாளும் அம்மனும் ஆட்சேபிக்கவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் இது நடந்தது. குப்பத்தார் ஒருநாளும் தடுக்கவில்லை. வழக்கத்தை உடைத்தால்தான் தடுக்க முடியும். உடைக்க அவர்களுக்கு மனமில்லை. வரதன் இதை அவர்களுடைய முட்டாள்தனம் என்று எடுத்துக்கொண்டான். செட்டியாரிடமும் அப்படித்தான் சொன்னான். செட்டியார் மகிழ்ந்து அவனுக்கு ஒரு மேல்துணி கொடுத்தார். பூப்போட்ட சாயத்துணி, ஓர் ஓரத்தில் சிவப்பு ஊறிப் பூவெல்லாம் கரைந்து போயிருந்தது. கோட்டையில் தேறாமல் திரும்பி வந்த துணி. வரதன் அதை, ஊறிய ஓரம் உள்பக்கம் வரும்படி மடித்து, தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலம்போல் நடந்தான்.

அந்தோணிசாமி மட்டும் ஒருநாள் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டான்:

"அந்த நாட்டார் என்னமோ ஒலைன்னு சொன்னாராமே. மூட்டை கட்டற பூபதி சொன்னான். அது இன்னான்னு கேட்டியா?"

"அதெல்லாம் அவங்க சாமி விஷயம். நமக்கு மீனு."

"சாமி விஷயத்தெ நீ பார்த்தது கீதே, அதான் பயமா கீது."

மார்கழி தொடக்கத்தில் வாடை வேகமாக அடித்துக் கடல் கலங்கியது. முதல் நாள் மடியில் பாசியும் இரண்டு சொறிமீனும் வந்தன. இரண்டாம் நாள் பாசி மட்டும். மூன்றாம் நாள் அதுவும் இல்லை. வரதன் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்து, கொட்டகையில் புளித்தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு, திரும்பியபோது ஏரியில் படகுகள் வருவதைப் பார்த்தான்.

பந்தி தொடங்கிய நேரத்தில் குப்பம் முழுவதும் வந்து சேர்ந்தது. ஆண், பெண், குழந்தை என்று நூற்றைம்பது பேர் இருக்கும். பிச்சைக்கு வருகிற நடை அது இல்லை. கல்யாண வீட்டுக்கு வருகிற நடை. ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒரு பாத்திரம் கொண்டுவந்தாள். காய்ந்த கருவாட்டுத் துண்டு, பனங்கிழங்கு, உப்பளத்து ஓரத்தில் பறித்த உமரிக்கீரை. ஒருத்தியிடம் ஒரு பிடி கேழ்வரகு மாவு. இருசம்மாள் நேரே அண்டாவுக்கு நடந்து, தன் பானைக் கீரையை அதில் கவிழ்த்தாள். மற்றவர்களும் கவிழ்த்தார்கள். அந்தோணிசாமி அகப்பையோடு ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

"இன்னா இது? இன்னா நாட்டாரே இது?" என்றான் வரதன்.

"மூணு நாள் வெறுமடி," என்றார் துளசிங்கம். "தனி அடுப்பு கூடாது. கயிறு தொட்டவங்க வூட்டுல எது பெரிய ஒலைன்னு பார்த்தோம். ஒங்க ஒலைதான் பெருசு."

"இது செட்டியார் அரிசி. என்னுது இல்லே."

"அன்னிக்கு மீனெ யார் வாங்கினது?" என்றாள் இருசம்மாள். "செட்டியார் வந்து துண்டு விரிச்சாரா? ஒன் ஆளுங்க நாப்பது பேரு ஒரு மாசமா எங்க வலைக்காரங்க. கணக்குல நீ கெட்டியாச்சே. எத்தினி கை மீனுன்னு ஒனக்குத் தெரியாததா?"

வரதன் தன் ஆட்களைப் பார்த்தான். யாராவது ஒருவன் தன் பக்கம் பேசுவான் என்று நினைத்தான். பூபதி எழுந்தான். வரதனைப் பார்க்காமல், இலையில் விழுந்திருந்த தன் சோற்றை வாரிக் கொண்டுபோய் அண்டாவில் போட்டுவிட்டு, குப்பத்தாரோடு போய் உட்கார்ந்தான். பின்னால் இரண்டு பேர் எழுந்தார்கள்.

இந்த இடத்தில் வரதன் குதிரின் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கலாம். ஒரு கல்நெஞ்சன் அப்படித்தான் செய்திருப்பான். அவனை வெறுத்துவிட்டாவது விடலாம். வரதனுக்கு அந்தத் திடமும் இல்லை. அவன் நின்ற இடத்தில் கணக்குப் போட்டான். இன்று இல்லை என்று சொன்னால் நாளை முதல் கயிறு இல்லை. தை வரைக்கும் மீனைக் காசுக்கு வாங்க வேண்டும். மீனின் இன்றைய விலைக்கு, ஒருநாள் அரிசி கொடுத்துவிடுவது மலிவு. நாளைக்குக் காற்று அடங்கும். கண்டிப்பாக அடங்கும்.

குதிரின் கதவைத் திறந்தான்.

அளக்கும்போது அவன் குரல் உயர்ந்தது. "லாபம்," என்று ஊர் கேட்கச் சொன்னான். யாரோ ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டு, "மகராசன்" என்றார். வரதனின் முகம் மலர்ந்தது. தான் செய்வது இன்னதென்று அவனுக்கு அதுவரை தெரிந்திருந்தது. அந்த ஒரு சொல்லில் மறந்துபோனது.

மறுநாளும் வெறுமடி. இப்போது கணக்கு இன்னும் எளிதாக இருந்தது. இன்று நிறுத்தினால் நேற்றுப் போட்ட அரிசி வீண். அதை மீட்க வேண்டுமானால் இன்றும் போட வேண்டும். அதற்கு மறுநாள், இரண்டு நாள் அரிசியை மீட்பதற்காகப் போட்டான். இப்படியே போனது. ஒவ்வொரு பகலும் நூற்றைம்பது பேரும் தங்கள் கீரையோடும் கிழங்கோடும் வந்து, கவிழ்த்து, இருந்து, உண்டு, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு போனார்கள். கொடுத்ததையும் அவர்கள் எண்ணவில்லை, வாங்கியதையும் எண்ணவில்லை. ஊரில் வரதனின் பெயர் பரவியது. கடைத்தெருவில் வழிவிட்டார்கள். அவன் மேல்துணியைச் சரிசெய்துகொண்டு, "நம்மால ஆனது," என்று சொல்லப் பழகினான். சொல்லச் சொல்ல அது அவனுக்கே உண்மையாகிவிட்டது. குதிரின் அடியில் மண் தெரியத் தொடங்கியபோதும், ஒரு தர்மவானுக்கு நேர்கிற சோதனை என்றே அதை எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் பூபதி பந்தியில் சொன்னான்: "எது எப்படியோ, மனுசன் போடறாரு பாரு."

எதிரில் இருந்த இருசம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "போடலே," என்றாள். "பந்தயம் கட்டறான். கையில இருந்து வுட்டதெப் புடிக்க மேல மேல கட்டறான். நம்ம குப்பத்துல தாயம் ஆடறவன் மூஞ்சி அப்படித்தான் கீது."

"அப்போ ஏன் நீ தின்றே?"

"ஒலை ஒண்ணு. நான் கீரை போட்டேன், தின்றேன். அவன் எதெ நெனச்சிப் போட்டானோ அதெயும் சேர்த்து நான் ஏன் தின்னணும்?"

ஒன்பதாம் நாள் குதிரின் அடியைத் துடைப்பத்தால் பெருக்கி எடுத்தார்கள். பத்தாம் நாள் காற்று அடங்கியது. மடி கரையேறும்போது இரண்டு கூட்டமும் மணலில் கால் புதைய இழுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு மீன். கிடங்கு ஆட்களுக்கும் இப்போது இழுக்கத் தெரிந்திருந்தது. கைகளில் காய்ப்பு ஏறியிருந்தது. குப்பத்துப் பெண்கள் அன்றே தங்கள் வீடுகளில் தனி அடுப்பு பற்றவைத்தார்கள். வழக்கம் முடிந்தது. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

வரதன் நாற்பது பங்கு மீனோடு கொட்டகைக்கு வந்தான். அண்டா நிறைய மீன் இருந்தது. சோறு இல்லை. தைக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

கப்பல் விஷயமாக வெளியூர் போயிருந்த செட்டியார் அன்று திரும்பி வந்து குதிருக்குள் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நைனா, என் அரிசியை எடுத்து நீ தர்மம் பண்ணியிருக்கே," என்றார்.

"தர்மம் இல்லீங்க. மீனுக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னுதான். சிக்கனத்துக்காகத்தான்."

வரதன் வாழ்நாளில் சொன்ன உண்மைகளில் அது ஒன்று. பாவம், அதை யாரும் நம்பவில்லை. செட்டியாருக்குத் தர்மவானைவிட முட்டாளின் மேல்தான் கோபம் அதிகம் வரும் என்பதால், நம்பாததும் நல்லதாகப் போயிற்று. அவர் சாவியை வாங்கிக்கொண்டார். ஓட்டு வீட்டைப் பற்றிப் பேச்சே எழவில்லை. நாற்பது பேரையும், கப்பல் வரும்வரை எங்காவது பிழைத்துக்கொள்ளச் சொன்னார். அவர்களுக்குப் போக ஓரிடம் இருந்தது. ஏரியைக் கடந்து குப்பத்துக்குப் போனார்கள். கயிறு தொட்டவர்கள்தானே. மீனை இருசம்மாளோடு கூடையில் சுமந்துபோய்ச் சந்தையில் வரகுக்கும் கேழ்வரகுக்கும் மாற்றினார்கள். அந்தோணிசாமியும் அகப்பையோடு போனான். போகும்போது அதன் குழியைக் கல்லில் வைத்துத் தட்டி, பழைய ஆழத்துக்குக் கொண்டுவந்தான்.

தேவகி தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பம்பட்டுக்குக் கிளம்பினாள்.

"வரியா?" என்று கேட்டாள்.

"அளவுக்காரன் மகன் வெறுங்கையா ஊருக்குத் திரும்பறதா?"

"கை எப்போ நெறைஞ்சிருந்தது ஒனக்கு? விரலெத்தானே மரக்காலுக்குள்ள வுட்டிருந்தே."

அவள் போய்விட்டாள். வரதன் நான்கு நாள் கடைத்தெருவில் சுற்றினான். முதல் நாள், மகராசன் என்று ஒருவர் கூப்பிட்டுக் கஞ்சி கொடுத்தார். இரண்டாம் நாள் இன்னொருவர் பாதி கொடுத்தார். புகழும் அந்த வருடம் அரிசியைப்போலவே விலை மாறிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் ஒருவரும் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் விடியலில் அவன் ஏரியைக் கடந்தான். படகுக்காரனுக்குக் கொடுக்க ஏதுமில்லாததால் துடுப்புப் போட்டான். குப்பத்தில் வலை ஏற்கெனவே வளைந்திருந்தது. தெற்குக் கயிற்றில் அவனுடைய பழைய ஆட்கள் நின்றார்கள். வரதன் சற்றுத் தொலைவில் நின்று, மேல்துணியைத் தோளில் ஒருமுறை சரிசெய்தான். ஊறிய ஓரம் வெளியே வந்துவிட்டது. மடி கரைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தான். மிக அருகில் வரும்வரை காத்திருந்தான். இழுக்க வேண்டியது கொஞ்சம்தான் மிச்சம் இருந்தபோது வந்து, கயிற்றின் வாலில் கை வைத்தான்.

முன்னால் நின்ற பூபதி திரும்பிப் பார்த்தான். அரை முழம் நகர்ந்து இடம் விட்டான்.

மடி ஏறியது. இருசம்மாள் வரிசையாகக் குனிந்துகொண்டு வந்தாள். இரண்டு கை, இரண்டு கை. வரதன் முன்னால் வந்தபோதும் அவள் கை நிற்கவில்லை, முகம் மாறவில்லை. இரண்டு கை மீனை மணலில் வைத்தாள். நாலைந்து சங்கரா, கொஞ்சம் காரப்பொடி, ஒரு சின்னப் பாரை. அடுத்து, அவனை ஏற்றிவந்து தானும் கயிறு பிடித்திருந்த படகுக்காரன் முன்னாலும் இரண்டு கை வைத்தாள்.

பதினைந்து நாள் முன்பு குதிரின் கதவைத் திறந்துவிட்டு நூற்றைம்பது பேருக்கு நடுவில் நின்றவன், இப்போது ஒருவராலும் கேள்வி கேட்கப்படாமல் ஒரு வேளைச் சோற்றுக்கு வழி கிடைத்து நிற்கிறான். இதில் நினைத்துப் பார்க்க ஒரு மனிதனுக்கு எவ்வளவோ இருக்கிறது. வரதன் படகுக்காரனுடைய மீனைப் பார்த்தான். பிறகு தன்னுடையதைப் பார்த்தான். மறுபடி படகுக்காரனுடையதைப் பார்த்தான்.

இரண்டடி தாண்டிப் போயிருந்த இருசம்மாள் அதைக் கண்டாள். திரும்பி வந்தாள். படகுக்காரனைக் கண்ணால் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே தலையசைத்தான். அவள் இரண்டு குவியலையும் அள்ளி, இதை அங்கேயும் அதை இங்கேயுமாக மாற்றி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள்.

வரதன் ஓரத்தில் சாயம் ஊறிய அந்தத் துணியை விரித்து மீனை அதில் அள்ளினான். அள்ளிக்கொண்டே, படகுக்காரன் முன்னால் இப்போது கிடந்த குவியலை ஒருமுறை பார்த்தான். அந்தப் பாரை தன்னிடமே இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.